நடைமேடை மாறினால் நம் நிதானம் மாற வேண்டாம்

கார்த்திகை மாதம் பிறந்துவிட்டால் கல்வராயன் மலையடிவாரத்து ஊர்களில் எல்லாம் ஒரே பேச்சுத்தான். அண்ணாமலையார் தீபத்துக்கு என்று புறப்படுவது, எதில் போவது, யார் யாரை அழைத்துச் செல்வது என்று திண்ணைதோறும் ஆலோசனை நடக்கும். எங்கள் வடக்கனந்தலிலிருந்து பெரும்பாலோர் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் வழியாகப் பேருந்திலேயே போய்விடுவர். ரயிலில் போக வேண்டுமென்றால் சின்னசேலத்துக்கோ விழுப்புரத்துக்கோ போய்த்தான் ஏற வேண்டும். காசி, ராமேசுவரம் என்று நெடும்பயணம் போகும் முதியவர்களுக்கோ ரயிலை விட்டால் வேறு வழியில்லை.

அவ்வாறு யாத்திரை புறப்படும் என் வயதொத்த அன்பர்களுக்காகவே இதனை எழுதுகிறேன். க்ஷேத்திர மகிமையை எழுத அறிஞர் பலர் உள்ளனர். நான் எழுத வந்தது க்ஷேத்திரத்துக்குப் போகும் வழியில் நாம் அனைவரும் மிதித்தாக வேண்டிய ரயில் நிலைய நடைமேடையைப் பற்றியும், அதன் எண் கடைசி நேரத்தில் மாறுவதைப் பற்றியும்தான். சிறிய விஷயம்தானே என்று தோன்றலாம். இதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

அக்காள் இழந்த கங்கைச் செம்பு

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பதினோரு பேர் காசிக்குப் போய் வந்தோம். எல்லோரும் அறுபதைக் கடந்தவர்கள். குழுவில் மூத்தவர் என் அக்காள். அப்போது அவருக்கு எழுபத்திரண்டு வயது. திரும்பும் வழியில் வடநாட்டுப் பெரிய சந்திப்பு நிலையம் ஒன்றில் வண்டி மாற வேண்டியிருந்தது. அறிவிப்புப் பலகையில் மூன்றாம் நடைமேடை என்று கண்டு, மூட்டை முடிச்சுகளோடு அங்கேயே இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தோம். வண்டி வர வேண்டிய நேரத்துக்குச் சற்று முன் ஒலிபெருக்கியில் இந்தியில் ஏதோ சொன்னார்கள். எங்களுக்குப் புரியவில்லை. ஆனால் சுற்றியிருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே சமயத்தில் எழுந்து ஓடியது புரிந்தது. நாங்களும் எழுந்து ஓடினோம்.

படிக்கட்டில் பாதி ஏறியபோது, வேறொரு வண்டியில் வந்து இறங்கிய கூட்டம் எதிரே இறங்கியது. மேலே ஏறுவோரும் கீழே இறங்குவோரும் நடுவில் முட்டி நின்றனர். என் கையைப் பற்றியிருந்த அக்காளின் கை நழுவியது. திரும்பிப் பார்க்கக்கூட இடமில்லை. சிவப்புச் சட்டை அணிந்த சுமைதூக்கும் தொழிலாளி ஒருவர் அவரைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக இழுத்து நிறுத்தியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைக்க அஞ்சுகிறேன். கணுக்காலில் வீக்கம், ஒரு கால் செருப்பு இல்லை, கையிலிருந்த கங்கைச் செம்பு எங்கோ உருண்டு போயிற்று. அவ்வளவோடு ஆண்டவன் காத்தான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாங்கள் ஓடிப் பிடித்த அந்த வண்டி அதன் பிறகு நாற்பது நிமிடம் அதே இடத்தில் நின்றது. இருக்கையில் அமர்ந்து காலைத் தடவிக்கொண்டே அக்காள் கேட்டார்: "ஏன் தம்பி, இவ்வளவு நேரம் நிக்கிற வண்டிக்கா அப்படி ஓடுனோம்?" என்னிடம் பதில் இல்லை. ஊர் திரும்பிய பின் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்ற நண்பர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததைக் கீழே தருகிறேன்.

எண் ஏன் மாறுகிறது?

ஒவ்வொரு பெரிய நிலையத்திலும் எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே ஓர் அட்டவணை வகுத்திருப்பார்கள். அது மனம்போன போக்கில் வகுத்ததன்று. இருபத்து நான்கு பெட்டிகள் கொண்ட விரைவு வண்டி அரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமுள்ளது. அதனைக் குட்டையான நடைமேடையில் நிறுத்த இயலாது. தண்ணீர் நிரப்ப வேண்டிய வண்டிக்கு அதற்கான குழாய் வசதியுள்ள பாதை வேண்டும். என்ஜினை மறுமுனைக்கு மாற்ற வேண்டிய வண்டி நீண்ட நேரம் நிற்கும். நிற்காமல் போகும் வண்டிகளுக்கு அது தடையாக இருத்தல் கூடாது.

எங்களுக்கு அண்மையிலுள்ள விழுப்புரம் சந்திப்பையே எடுத்துக்கொள்வோம். சென்னை, விருத்தாசலம் வழியாகத் திருச்சி, கடலூர் வழியாக மயிலாடுதுறை, புதுச்சேரி, திருவண்ணாமலை வழியாகக் காட்பாடி என ஐந்து பாதைகள் அங்கே கூடுகின்றன. இத்தகைய சந்திப்பில் ஒரு பாதையிலிருந்து வரும் வண்டி இன்னொரு பாதைக்குரிய நடைமேடைக்குச் செல்ல வேண்டுமானால், இடையிலுள்ள பாதைகளைக் குறுக்கே கடந்தாக வேண்டும். அது கடக்கும் வரை மற்ற வண்டிகள் வெளியே காத்திருக்க வேண்டும். ஆகவே குறுக்கீடு குறையும்படி நடைமேடையை ஒதுக்குவதே நிலைய அதிகாரியின் திறமை.

எல்லா வண்டியும் நேரத்துக்கு வந்தால் அட்டவணை பழுதின்றி நடக்கும். ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு வண்டி பத்து நிமிடம் நிற்கிறது; அது விலகி அடுத்தது உள்ளே வர ஐந்து நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடைமேடையில் மணிக்கு நான்கு வண்டிகளே நிற்க முடியும். அவற்றுள் ஒன்று அரை மணி தாமதமானால், அது வரும் நேரத்தில் அந்த இடம் அடுத்த வண்டிக்கு உரியதாகியிருக்கும். இரண்டில் ஒன்று வேறு நடைமேடைக்குப் போக வேண்டும். அல்லது ஊருக்கு வெளியே சிக்னலில் காத்துக் கிடக்க வேண்டும். திருவிழாக் காலத்தில் சிறப்பு வண்டிகளும் சேர்ந்துவிட்டால் நெருக்கடியைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. நிலையத்தின் சிக்னல்களும் பாதை மாற்றும் முனைகளும் ஒன்றோடொன்று பூட்டி இணைக்கப்பட்டவை. ஒரு வண்டிக்கு ஒரு பாதையைத் திறந்து பூட்டிவிட்டால், அதனோடு மோதக்கூடிய வேறெந்தப் பாதையையும் திறக்க இயந்திரம் அனுமதிக்காது. நம் உயிருக்கு அதுவே காப்பு. ஆனால் அவ்வாறு பாதை பூட்டப்படும் வரை, பலகையில் நாம் காணும் எண் ஒரு திட்டமே, முடிந்த முடிவன்று. இதனை நான் அன்று அறிந்திருந்தால், பலகையை நம்பி இரண்டு மணி நேரம் நடைமேடையின் கோடியில் மூட்டையை விரித்து அமர்ந்திருக்க மாட்டேன்.

இது நம் நாட்டில் மட்டும் உள்ள தொல்லையும் அன்று. லண்டன் மாநகரின் யூஸ்டன் நிலையத்தில் நடைமேடை எண்ணைத் தாமதமாக அறிவிப்பதும், அறிவித்தவுடன் கூட்டம் ஓடுவதும் வாடிக்கையாகி, 'யூஸ்டன் ஓட்டம்' என்றே பெயர் பெற்றுவிட்டது. மாறாக, சுவிட்சர்லாந்தில் நிலையத்தில் ஒட்டப்படும் மஞ்சள் அட்டவணையிலேயே வண்டியின் நேரத்தோடு நடைமேடை எண்ணும் அச்சாகியிருக்கும். வண்டிகள் நேரம் தவறாதிருந்தால்தான் அது கைகூடும். நேரம் தவறினால் எண்ணும் தவறும். இரண்டும் ஒரே நூலில் கோத்தவை.

இரண்டு கும்பமேளாக்கள் சொன்ன பாடம்

2013ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் நாள் தை அமாவாசை. வடநாட்டார் மௌனி அமாவாசை என்று போற்றும் நன்னாள். கும்பமேளாவில் நீராடிவிட்டு வீடு திரும்ப அன்று மாலை லட்சக்கணக்கானோர் அலகாபாத் சந்திப்பில் கூடியிருந்தனர். அங்கே ஏற்பட்ட நெரிசலில் 36 பேர் மாண்டனர் என்று செய்திகள் வந்தன. கடைசி நேரத்தில் நடைமேடையை மாற்றி அறிவித்ததே காரணம் என்று அங்கிருந்த பயணியர் பலர் கூறினர். புனித நீராடி முடித்தவர்கள் வீடு போய்ச் சேரவில்லை.

பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2025ஆம் ஆண்டு மகா கும்பமேளாவின்போது, பிப்ரவரி 15ஆம் நாள் சனிக்கிழமை இரவு புது தில்லி நிலையத்தில் மீண்டும் ஒரு துயரம் நேர்ந்தது. பிரயாக்ராஜ் செல்லக் கூடியிருந்தவர்களுள் 18 பேர் உயிரிழந்தனர். பிரயாக்ராஜ் எக்ஸ்பிரஸ் என்றும் பிரயாக்ராஜ் சிறப்பு வண்டி என்றும் ஒரே ஊர்ப் பெயர் கொண்ட இரண்டு வண்டிகள் இருந்தமையால், அறிவிப்பைக் கேட்ட பயணியர் குழம்பி வேறு நடைமேடைக்கு விரைந்தனர் என்று தில்லிக் காவல்துறையினர் முதலில் தெரிவித்தனர். நடைமேம்பாலத்தின் படிக்கட்டில் ஒரு பயணியின் தலைச்சுமை சரிந்து விழுந்ததில் பலர் இடறி விழுந்ததாக ரயில்வே அமைச்சர் பின்னர் நாடாளுமன்றத்தில் அளித்த பதிலில் கூறினார்.

அறிவிப்பில் குழப்பம் என்று கொண்டாலும், சரிந்த தலைச்சுமை என்று கொண்டாலும், உயிர் போன இடம் படிக்கட்டு. 2017ஆம் ஆண்டு விஜயதசமிக்கு முதல் நாள் மும்பை எல்பின்ஸ்டன் ரோடு நிலையத்தில் 23 பேர் மாண்டதும் குறுகிய நடைமேம்பாலப் படிக்கட்டில்தான். அங்கே நடைமேடை மாற்றம் எதுவும் இல்லை. மழைக்கு ஒதுங்கியவர்கள் அங்கேயே நிற்க, பின்னால் வந்தவர்கள் தள்ளியதே வினையாயிற்று. ஆக, எண் மாறுவது ஆபத்தன்று; எண் மாறியவுடன் எல்லோரும் ஒரே படிக்கட்டை நோக்கிப் பாய்வதே ஆபத்து.

நெரிசலை ஆராய்ந்தவர்கள் ஓர் உண்மையைச் சொல்கின்றனர். ஒரு சதுர மீட்டர் இடத்தில் நான்கு பேர் நின்றால் மெல்ல நடக்கலாம். ஆறு, ஏழு பேர் என்றாகிவிட்டால் தனி மனிதனின் விருப்பத்துக்கு அங்கே மதிப்பில்லை; கூட்டம் வெள்ளம்போல் தானாக அசைகிறது. அப்போது பலர் மிதிபட்டுச் சாவதில்லை. நின்ற நிலையிலேயே நெஞ்சு அழுத்தப்பட்டு மூச்சு விட இயலாமல் சாய்கின்றனர். பின்னால் இருப்பவருக்கு முன்னால் நடப்பது தெரியாது. அவர் யாரையும் கொல்ல நினைக்கவில்லை. வண்டியைப் பிடிக்கத்தான் நினைக்கிறார்.

கோயில் கற்பித்த ஒழுங்கு

வங்கியில் நான் கிளை மேலாளராக இருந்த காலம். மாதத்தின் முதல் வாரத்தில் ஓய்வூதியம் பெற முதியவர்கள் விடியலிலேயே வந்து வரிசையில் நிற்பர். ஒருநாள் இரண்டாம் கவுன்டரில் பணம் தருபவருக்கு உடல்நலம் குன்றியது. "எல்லோரும் நான்காம் கவுன்டருக்கு வாருங்கள்" என்று நானே அறிவித்தேன். வரிசையின் கடைசியில் நின்றவர் முதலில் ஓடினார். காலை ஆறு மணிக்கே வந்தவர் கடைசியானார். தள்ளுமுள்ளில் ஒரு பெரியவர் விழுந்து மூக்குக் கண்ணாடி உடைந்தது. தவறு அவர்களுடையதன்று, என்னுடையது. அன்றுமுதல் வரிசையை நகர்த்துவதில்லை என்று முடிவு செய்தேன். மாற்று ஊழியரை அதே கவுன்டருக்கு வரச் செய்தோம். வரிசை எண் பொறித்த வில்லைகளும் கொடுத்தோம். தன் முறை தவறாது என்ற உறுதி வந்தபின் யாரும் ஓடவில்லை.

ரயிலை அவ்வாறு நகர்த்த முடியாது, உண்மைதான். ஆனால் கூட்டத்தை நிறுத்தி வைத்து முறைப்படி அனுப்ப முடியும். திருமலையில் வைகுண்டம் வரிசைக் கூடத்தில் அறை அறையாக நம்மை அமர்த்தி, முன்னே இடம் காலியானபின் ஒவ்வோர் அறையாகத் திறந்துவிடுகிறார்கள் அல்லவா? அதே முறையைத்தான் ரயில்வேயும் கைக்கொண்டு வருகிறது. 2025 கும்பமேளாவில் பிரயாக்ராஜ் சந்திப்பில் போக வேண்டிய திசைக்கு ஒரு நிறம் என்று காத்திருப்புக் கூடங்களைப் பிரித்து, முக்கிய நீராடல் நாட்களில் நகரத்துப் பக்கம் நுழைவாயில், எதிர்ப்பக்கம் வெளிவாயில் என்று ஒருவழியாக்கினர். தில்லித் துயரத்துக்குப் பின், கூட்டம் மிகும் 73 நிலையங்களில் நிலையத்துக்கு வெளியே நிரந்தரக் காத்திருப்பு இடங்கள் அமைக்கவும், 6 மீட்டர், 12 மீட்டர் என அகலமான நடைமேம்பாலங்கள் கட்டவும் முடிவு செய்யப்பட்டது.

இவற்றைப் படித்தபோது எனக்குத் தோன்றியது இதுதான். நம் முன்னோர் கோயிலை வலமாகவே சுற்று என்றனர். அதன் தத்துவத்தைப் பெரியோர் விளக்கியுள்ளனர். என் எளிய கண்ணுக்குத் தெரிந்த ஒரு பயனும் உண்டு: எல்லோரும் ஒரே திசையில் சுற்றுகையில் எதிரெதிரே முட்டுவதற்கு யாரும் இல்லை. பௌர்ணமி இரவில் அண்ணாமலையைச் சுற்றிய 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானோர் நடக்க இயல்வது அந்த ஒரே திசை ஒழுங்கினால்தானே! இறைவன் சந்நிதியில் கடைப்பிடிக்கும் அந்த ஒழுங்கை ரயில் நிலையப் படிக்கட்டில் மட்டும் நாம் மறந்துவிடுகிறோம்.

யாத்திரை செல்வோர் கவனத்துக்கு

அனுபவத்தில் கற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

வண்டியின் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஐந்து இலக்க எண்ணைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதி ஒவ்வொருவர் பையிலும் வையுங்கள். ஒரே ஊர்ப் பெயரில் இரண்டு வண்டி இருக்கலாம். ஒரே எண்ணில் இருக்காது. மொழி தெரியாத ஊரில் அந்தத் தாளைக் காட்டினாலே போதும்.

பலகையில் எண் கண்டவுடன் நடைமேடையின் கோடிக்குப் போய் அமராதீர்கள். நடைமேம்பாலத்துக்கோ மின்தூக்கிக்கோ அருகில், ஆனால் படிக்கட்டின் வாயிலை மறிக்காமல் அமருங்கள். எண் மாறினாலும் நெடுந்தொலைவு நடக்க வேண்டியிராது. வண்டி எங்கே வருகிறது என்று 139 என்ற எண்ணில் கேட்டு அறியலாம்.

தலைச்சுமை வேண்டாம். தோளில் மாட்டும் ஒரு பை, ஒரு கை எப்போதும் கைப்பிடியைப் பற்றக் காலியாக. குழுவாகச் சென்றால், கூட்டத்தில் பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்னரே ஓர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஏற்பாடு இருந்தால், பிரிந்தவரைத் தேடிக் கூட்டத்துக்கு எதிராக நடக்க வேண்டிய நிலை வாராது.

நடைமேடை மாறியதாக அறிவித்தால், முதல் அலை போகட்டும் என்று விலகி நில்லுங்கள். உங்கள் வண்டி அப்போதுதான் உள்ளே வருகிறது என்றால் அது நிற்கும் நேரம் இன்னும் தொடங்கவே இல்லை. அகப்பட்ட பெட்டியில் ஏறிக்கொண்டு, உள்ளே நடந்து நம் இருக்கைக்குப் போகலாம்.

தவறிப்போய் நெரிசலில் சிக்கினால், இரு கைகளையும் மடக்கி மார்புக்கு முன்னே வைத்து மூச்சுக்கு இடம் செய்துகொள்ளுங்கள். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அதன் போக்கிலேயே சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். செருப்பு கழன்றாலும் செம்பு விழுந்தாலும் குனியாதீர்கள். செம்பு வேறு வாங்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புறப்படுமுன்பே மனத்தில் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்: வண்டி தவறினால் தவறட்டும். நஷ்டம் சில நூறு ரூபாயும் ஓர் இரவுத் தூக்கமும்தான். நாற்பது ஆண்டு கணக்கு எழுதியவன் சொல்கிறேன். அந்த நஷ்டம் ஈடு செய்யக்கூடியது.

பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. இவ்வாண்டும் தீபத்துக்குப் புறப்பட அக்காள் ஆயத்தமாகிவிட்டார். சென்னையிலிருந்து வரும் பேரப் பிள்ளைகளோடு விழுப்புரத்தில் சேர்ந்து, அங்கிருந்து ரயிலில் திருவண்ணாமலை போவதாகத் திட்டம். கூட்டமாக இருக்குமே என்று நான் தயங்கியபோது அவரே சொன்னார்: "இருந்தா இருக்கட்டும் தம்பி. இந்த வண்டி இல்லன்னா அடுத்த வண்டி. அண்ணாமலையார் எங்க போயிடப் போறாரு?"

மலை அங்கேயேதான் இருக்கிறது. தீபமும் பல நாட்கள் எரியும். நாம் நலமாகப் போய், நலமாகத் திரும்ப அவன் அருள் புரிவானாக.